முகத்தில் சோப்புப் போட்டால் அப்பா சாய்கிறார், தலைசுற்றல் இல்லையாம்

அப்பாவுக்கு 71 வயது. 19 வருடமாகச் சர்க்கரை, அதற்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு மாதத்தில் இரண்டு முறை விழுந்துவிட்டார். முதலில், ராத்திரி கரண்ட் போனபோது. அப்புறம், முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியபோது. தரை காய்ந்துதான் இருந்தது. தலை சுற்றவே இல்லை என்று சத்தியம் செய்கிறார். ஸ்கேனில் ஒன்றுமில்லை. அம்மா திருஷ்டியும் சுற்றிப் போட்டாயிற்று. வேறு எதைப் பார்ப்பது?

பதில் 1:
குளியலறையில் கைப்பிடி போடுங்கள். துண்டு மாட்டுகிற கம்பியை நம்ப வேண்டாம், எங்கள் மாமனார் அதைப் பிடுங்கிக்கொண்டுதான் விழுந்தார்.

பதில் 2:
நான் பிசியோதெரபிஸ்ட். இரண்டு முறையும் அவருக்குக் கண் உதவவில்லை, கவனித்தீர்களா? நாம் சாயாமல் நிற்பது கண், உள்காது, பாதம் என்று மூன்று பேர் தயவில். சர்க்கரையில் பாதம் மரத்துவிட்டால் அதன் வேலையையும் கண்ணே இழுத்துப் போட்டுக்கொள்ளும். பகலில் யாருக்கும் தெரியாது.

ரப்பர் செருப்பு கழன்றதே தெரியாமல் நடந்திருக்கிறாரா, கேளுங்கள். சுவர் மூலையில் நிறுத்தி, காலைச் சேர்த்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். நீங்கள் கையெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும்.

கேட்டவர்:
போன மாதம் ரேஷன் கடையிலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்தார். மறதி என்று அம்மா திட்டித் தீர்த்தார். இப்போது கண்ணை மூடச் சொன்னேன், மூன்று எண்ணுவதற்குள் என் தோளில் சாய்ந்துவிட்டார்.

பதில் 2:
சரி, டாக்டரிடம் பாதத்தைக் காட்டுங்கள். பி12 வைட்டமின் அளவும் பார்க்கச் சொல்லுங்கள், மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் எடுத்தால் அது குறையலாம், குறைந்தாலும் பாதம் மரக்கலாம். பிரஷரைப் படுக்க வைத்து ஒரு தடவை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவை பார்க்க வேண்டும். மேல் அளவு 20 இறங்கினால் அவர் சாப்பிடும் மாத்திரைகளைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: உட்கார்ந்து குளிக்க ஸ்டூல், கரண்ட் போனாலும் எரிகிற விளக்கு, பின்பட்டை வைத்த செருப்பு. சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சி பிறகு சொல்கிறேன். பார்க்கில் கூழாங்கல் பதித்த எட்டு வடிவப் பாதை இருக்கிறதே, மரத்த காலோடு அதில் வெறுங்காலில் நடக்கவே கூடாது. யார் சிபாரிசு செய்தாலும் சரி.

கேட்டவர்:
தினமும் அதில்தான் நடக்கிறார். இப்போதுதான் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். கட்டைவிரலுக்கு அடியில் ஒரு கொப்புளம் உடைந்து கிடக்கிறது. "எப்போடா வந்துச்சு?" என்று என்னைக் கேட்கிறார்.