பெரும்பாய் பாதியில் சிக்கிய கதைகள்: மரத்துக்குள் சுருட்டா, பூமுக்குள் சுருட்டா, பழைய மடிப்பா?

36 அடிப் படகு, இப்போதைக்கு மடிப்பு ரீஃப்

என் படகின் பெரும்பாயை, அதாவது மெயின்செயிலை, இன்றுவரை பழைய மடிப்பு முறையில்தான் குறைக்கிறேன் (பாயின் பரப்பைக் குறைப்பதைத்தான் ரீஃப் என்கிறோம்). காற்று ஏறினால் பாய்மரத்தடிக்குப் போய், பாயை ஏற்றும் கயிறான ஹாலியர்டைத் தளர்த்தி, பாயைக் கொஞ்சம் இறக்கி, கொக்கியில் மாட்டி, மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். முட்டி வலி வந்தபிறகு ஆடுகிற படகில் அந்த நான்கு எட்டு நடை பிடிக்கவில்லை. படகோட்டி உட்காரும் காக்பிட்டில் இருந்தபடியே கயிற்றை இழுத்தால், பாய் மரத்துக்குள்ளோ அதன் அடியைத் தாங்கும் படுக்கைக் கட்டையான பூமுக்குள்ளோ சுருண்டுகொள்ளும் ஏற்பாட்டுக்கு மாறலாம் என்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டேன். (சுருட்டு என்று எழுதும்போதெல்லாம் புகை நாற்றம் வருகிறது. வேறு சொல் கிடைக்கவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

அப்போதுதான் நண்பர் ஒருவரின் படகை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக உதவிக்குப் போனேன். மரத்துக்குள் சுருளும் பாய். மாலைவரை 14 நாட் (மணிக்கு 14 கடல்மைல்) காற்று, சுகமான பயணம். இருட்டியபிறகு 26 நாட் ஆனது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக ஏறும் என்பது தெரிந்ததே. 14 என்பது 26 ஆனால் பாயின் மேல் விழும் சுமை சுமார் மூன்றரை மடங்கு. நண்பர் சுருட்டும் கயிற்றை, கயிறு இழுக்கும் உருளையான வின்ச்சில் போட்டு இழுத்தார். மூன்றில் இரண்டு பங்கு உள்ளே போனது, பிறகு நின்றுவிட்டது. சரி, வெளியே எடுத்து மறுபடி சுருட்டலாம் என்றால் வெளியேயும் வரவில்லை. பாயின் ஒரு மடிப்பு இரட்டையாக மரத்தின் பிளவுக்குள் நுழைந்து ஆப்பு வைத்ததுபோல் உட்கார்ந்துவிட்டது.

எனக்கு உறைத்தது அதற்கு அடுத்த நிமிடம்தான். ஹாலியர்டை அவிழ்த்துப் பாயைக் கீழே இறக்கிவிடுவோம் என்று நான் சொன்னேன். நண்பர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. சுருண்ட பாய் மரத்துக்குள் தண்டைச் சுற்றி இருக்கிறது. முழுக்க வெளியே வந்தால்தான் கீழே இறங்கும். உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது, இறங்கவும் இறங்காது.

படகைக் காற்றுக்கு நேரே திருப்பி, மர உச்சியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் பேக்ஸ்டேயைத் தளர்த்தி மரத்தை நேராக்கி, அங்குலம் அங்குலமாக உள்ளேயும் வெளியேயும் ஆட்டி ஆட்டி, நாற்பது நிமிடம் கழித்து அந்த மடிப்பை விடுவித்தோம். விடிந்ததும் பார்த்தால் பாயின் நடுவில் கையகலக் கிழிசல்.

இப்போது குழப்பமாக இருக்கிறது. வைத்திருப்பவர்கள் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். விற்பனைக் காகிதத்தில் இருப்பது எனக்கு ஏற்கெனவே மனப்பாடம்.

———

40 அடி, மரத்துக்குள் சுருட்டு, பதினொரு வருடம்

நண்பரே, உங்கள் கதையைப் படித்ததும் நான் கேட்க நினைத்தது ஒன்றுதான். அந்தப் பாய்க்கு வயது என்ன? பழைய பாய் வயிறு தள்ளிப் போயிருக்கும். தொப்பை விழுந்த துணி சுருளும்போது சுருக்கம் விழும், அந்தச் சுருக்கம்தான் ஆப்பு. எனக்கும் முதல் இரண்டு வருடத்தில் மூன்று முறை சிக்கியது. தட்டையாகத் தைத்த புதுப்பாய் போட்டபிறகு ஒருமுறைகூட இல்லை.

ஆனால் பாய் மட்டும் காரணமல்ல, சுருட்டுகிற கையும்தான். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. பாயின் பின்மூலையை இழுத்துப் பிடிக்கும் அவுட்ஹால் கயிற்றை ஒரேயடியாக விட்டுவிடக் கூடாது. ஒரு கை சுருட்ட, இன்னொரு கை லேசான இழுவையோடு விட்டுக்கொடுத்துக்கொண்டே வர வேண்டும். தளர்வாகச் சுருண்டால் உருளை பருத்துப்போய் மரத்தின் உட்சுவரை அடைத்துவிடும். உள்ளே இருக்கும் தண்டு எந்தப் பக்கமாகச் சுழல்கிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். காற்று ஒரு பக்கம் இருந்தால் பாய் பிளவின் ஓரத்தில் உரசாமல் வழுக்கிக்கொண்டு போகும், மறுபக்கம் இருந்தால் ஓரத்தில் மடங்கி உரசும். என் படகில் எது நல்ல பக்கம் என்று பூமின் மேலேயே பெயின்டில் அம்புக்குறி போட்டிருக்கிறேன். அழகாக இல்லை என்று மனைவி சொல்கிறார். இரவு இரண்டு மணிக்கு அழகு வேண்டாம்.

பேக்ஸ்டேயை இறுக்கி மரத்தை வளைத்து வைத்துக்கொண்டு சுருட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். வளைந்த குழாய்க்குள் தண்டு எப்படிச் சுழலும்?

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பாயை விறைப்பாக்கும் சட்டமான பேட்டனைப் படுக்கைவாட்டில் வைக்க முடியாது. பேட்டன் இல்லாமல் பின்விளிம்பு நிற்க வேண்டுமென்றால் அதை உள்வாங்கி வெட்டியாக வேண்டும், அதனால் பாயின் பரப்பு குறைகிறது. மெல்லிய காற்றில் பக்கத்துப் படகு என்னை முந்திப் போகும்போது வயிறு எரியும். பாய் முழுக்கச் சுருட்டியிருந்தாலும் அதன் எடை மேலேயே நிற்கிறது, மரமும் தடிமன். நங்கூரத்தில் நிற்கும்போது காற்று பிளவுக்குக் குறுக்கே வீசினால் மரம் புல்லாங்குழல்போல ஊளையிடும். பிளவை மூட ஒரு நீளத் துணிப்பட்டையை ஏற்றிவைத்தபிறகுதான் எங்களுக்குத் தூக்கம் வந்தது.

இவ்வளவும் இருந்தும் ஏன் மாற்றவில்லை என்றால், ஒரு கை அளவு குறைக்க நினைத்தால் ஒரு கை அளவே குறைக்கலாம். முதல் ரீஃப், இரண்டாம் ரீஃப் என்ற படிக்கட்டு இல்லை. அதனால் நான் தயங்குவதே இல்லை, சீக்கிரமாகக் குறைத்துவிடுகிறேன்.

———

31 அடி, மடிப்பு ரீஃப், மாற்றும் எண்ணமில்லை

மேலே சொன்ன கடைசி வரி உண்மைதான். ஆனால் அதில் ஒரு கணக்கு விட்டுப்போகிறது. மரத்துக்குள் சுருட்டினால் வெளியே தெரியும் பாய் சிறிதாகும், ஆனால் உள்ளே போன துணியின் எடை மேலேயே நிற்கிறது. பாயை முக்கோணமாக எடுத்துக்கொண்டால் அதன் மையம் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கும். 12 மீட்டர் உயரப் பாய் என்றால் 4 மீட்டரில். சுருட்டினாலும் மையம் இறங்கும், துணி இறங்காது. என்னைப்போல் மடித்து 9 மீட்டருக்கு இறக்கினால் மையம் 3 மீட்டருக்கு வந்துவிடும், துணியின் எடையும் கூடவே இறங்கிவிடும். படகு சாய்வது குறைவதைக் காலடியிலேயே உணரலாம்.

எனக்கும் சங்கடம் இல்லாமல் இல்லை. எல்லாவற்றையும் காக்பிட்டுக்கே கொண்டுவருகிறேன் என்று ஒற்றைக் கயிற்று ரீஃப் போட்டேன். ஒரே கயிறு பாயின் முன்மூலையையும் பின்மூலையையும் சேர்த்து இழுக்க வேண்டும். அத்தனை கப்பியில் ஏறி இறங்கி வருவதற்குள் பாதி பலம் உராய்வுக்கே போய்விடும். பின்மூலை உட்கார்வதற்குள் கை சோர்ந்துவிடும். இரண்டாம் வருடமே கழற்றிவிட்டு, முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று என இரண்டு கயிறாக்கினேன். கயிறு கூடியது, வேலை பாதியானது. மரத்தில் பாய் ஓடும் தடத்தில் உருளைக்குண்டு வைத்த வண்டிகளும் போட்டேன். இப்போது ஹாலியர்டை விட்டால் பாய் தானாகவே விழுகிறது.

சிக்கினால்? கத்தியால் கயிற்றை வெட்டினாலும் பாய் கீழேதான் வரும்.

———

46 அடி, பூமுக்குள் சுருட்டு

நான் நடுவழி ஆசாமி. பாய் கீழே இறங்கி, பூமுக்குள் இருக்கும் உருளையில் பாய்போலவே சுருள்கிறது. (படுக்கிற பாயைச் சொல்கிறேன்.) பேட்டன்கள் படுக்கைவாட்டில் இருப்பதால் அவையும் கூடவே சுருளும். பின்விளிம்பை உள்வாங்கி வெட்டத் தேவையில்லை, எடையும் கீழே. மேலே இரண்டு பேரும் சொன்ன குறைகள் இதில் இல்லை.

ஆனால் இது கோபக்காரப் பிள்ளை. மரத்துக்கும் பூமுக்கும் இடையே உள்ள கோணம் சரியாக இருந்தால்தான் சொன்னபடி கேட்கும். என் படகில் 87 டிகிரி. பூம் ஒரு டிகிரி தாழ்ந்தாலும் ஏறினாலும் சுருள் உருளையில் முன்னாலோ பின்னாலோ நகர்ந்து, ஒரு பக்கம் குவிந்து, கடைசிச் சுற்று போகாமல் அடைத்துக்கொள்ளும். பூமைத் தாங்கும் வேங்கில் வண்ண நாடாவால் அடையாளம் ஒட்டிவைத்திருக்கிறேன். அந்த அடையாளம் சேராமல் கயிற்றைத் தொடுவதில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். பாயின் முன்விளிம்பில் உள்ள நாடா மரத்தின் தடத்தில் நுழையும் இடம்தான் தேய்மானப் புள்ளி. ஒரு நாள் காற்றைப் பின்னால் வைத்துக்கொண்டே குறைக்கப் பார்த்தேன். மரத்துக்குள் சுருட்டு வைத்திருப்பவர்கள் பின்காற்றிலும் ஒப்பேற்றிவிடுவார்கள், எனக்கு அது நடக்கவில்லை. பாய் பக்கக் கம்பிகளில் சாய்ந்து பேட்டன்கள் அழுத்த, நாடா தடத்தில் பிடித்துக்கொள்ள, நான் மின்வின்ச் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தேன். கையால் இழுத்திருந்தால் கனத்தது தெரிந்திருக்கும். பொத்தானுக்குக் கை உணர்வு ஏது? நாடா இரண்டு அடி நீளத்துக்குக் கிழிந்தது.

பிறகு ஹாலியர்டை விட்டேன். பாய் பொதபொதவென்று மேல்தளத்தில் விழுந்தது. அள்ளிச் சேர்த்து பூமோடு கயிறு சுற்றிக் கட்டினோம். அசிங்கமாக இருந்தது, ஆனால் பத்தே நிமிடம்.

———

பாய் தைப்பவன்

என் மேசைக்கு வரும் கிழிசல்களை வைத்துச் சொல்கிறேன். மரத்துக்குள் சுருட்டும் பாய்களில் நான் பார்க்கும் பாதிக் கோளாறு துணியின் முதுமை. சாதாரண டேக்ரான் இழுபட்டு வயிறு விழுந்தபிறகும் ‘இன்னும் ஒரு வருடம் ஓடும்’ என்று ஓட்டுவார்கள். மடிப்பு ரீஃப் பாய் என்றால் ஓடத்தான் செய்யும், வேகம் குறையும், அவ்வளவுதான். சுருட்டும் பாய்க்கு அந்த ஒரு வருடம்தான் ஆபத்து. ஆகவே பழைய படகை வாங்கும்போது கருவியை மட்டும் பார்க்காதீர்கள், பாயை விரித்துப் பாருங்கள்.

பரப்பை மீட்கச் செங்குத்துப் பேட்டன் வைத்துத் தரச் சொல்கிறார்கள். வைத்துத் தருகிறேன். பிளவில் நுழையும்போது அது மரத்துக்கு இணையாக இருக்க வேண்டும், சற்றுச் சாய்ந்தாலும் தட்டும். அதனால் கவனமில்லாதவர்களுக்கு நானே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

முதலில் எழுதியவருக்கு ஒரு எச்சரிக்கை. இருக்கிற மரத்தின் பின்னால் தனிக் குழாயைப் பொருத்தி அதற்குள் சுருட்டும் வகை ஒன்று உண்டு. மரத்தை மாற்ற வேண்டாம் என்பதால் ஆசை காட்டும். அதன் எடை உங்கள் பழைய மரத்தின் நெடுகிலும் போய் ஏறும். 36 அடிப் படகில் அந்த எடை சாய்மானத்தில் தெரியும்.

பழங்கதை ஒன்றும் சொல்கிறேன். இந்தச் சுருட்டு ஆசை புதிதல்ல. 1950, 60-களில் பூமையே உருளைபோல் சுழற்றிப் பாயை அதன் மேல் சுற்றுவார்கள். முன்விளிம்புப் பக்கம் துணி குவிய, பூமின் வால் தொங்கிப்போய்க் காக்பிட்டில் இருப்பவர் தலையைத் தேடும். மடிப்பு ரீஃப் திரும்பவும் செல்வாக்குப் பெற அதுவும் ஒரு காரணம். பிறகு வந்ததுதான் பாயை மரத்துக்குள் அனுப்பும் யோசனை. அதைப் பரவச் செய்தவர்களில் முக்கியமானவர் டெட் ஹூட், என் தொழில்காரர்தான், பாய் தைப்பவர். 1974-இல் கரேஜியஸ் படகை ஓட்டி, பாய்மரப் படகுப் பந்தயமான அமெரிக்கா கோப்பையை வென்றவர். பந்தயக்காரர் பரப்பைக் குறைக்கும் கருவியைச் செய்தார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

———

36 அடிப் படகு, மறுபடியும்

எல்லோருக்கும் நன்றி. பாய் தைக்கும் அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டு நண்பரைக் கேட்டேன். பாய்க்குப் பன்னிரண்டு வயதாம். முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

இத்தனை நாள் எது சுலபமாகச் சுருளும் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது மூன்றையும் ஒரே கேள்வியால் அளந்தேன். பாதியில் சிக்கினால் பாய் எங்கே இருக்கும்? மரத்துக்குள் என்றால் மேலே, காற்றில். மற்ற இரண்டிலும் மேல்தளத்தில். 40 அடிக்காரர் அம்புக்குறி போட்டுப் பதினொரு வருடம் சமாளிக்கிறார், அந்தப் பொறுமை எனக்கு இல்லை என்று எனக்கே தெரியும். பூமுக்குள் சுருட்டு பிடித்திருந்தது. ஆனால் அதற்குப் பூம் புதிது, பாய் புதிது, மின்வின்ச் புதிது, அதற்கு பேட்டரி புதிது. என் படகின் அளவுக்கு அது பெரிய தலைப்பாகை.

31 அடிக்காரர் வழியில் போகிறேன். முதல் இரண்டு ரீஃபுக்கும் தனித்தனியாக இரண்டு கயிறு, எல்லாம் காக்பிட்டுக்கு. குண்டு வைத்த வண்டிகளும் வந்துவிட்டன. நேற்று துறையில் கட்டியபடியே ஒத்திகை பார்த்தேன். இரண்டாம் ரீஃப் போட மூன்று நிமிடம், முட்டி மடக்கவே இல்லை. ஒரே ஒரு சங்கடம். பாயை ஏற்றும்போது மேல் பேட்டன், இறங்கும் பாயைத் தாங்கிக்கொள்ளும் லேசி ஜாக் கயிற்றில் போய் மாட்டிக்கொள்கிறது. அந்தக் கயிறுகளை மரத்தின் பக்கம் ஒதுக்கிக் கட்டிவிட்டு ஏற்றுவதா, குறுக்குக் கைகளில் இன்னும் வெளியே தள்ளிக் கட்டுவதா? 31 அடிக்காரர் எப்படிச் செய்கிறார்?