பொருள்: மறுமொழி: ‘ஐயநிலை’ வேண்டாம், ‘ஈரமைவு’ என்று வைப்போம்

> ஆம்பிகுவஸ் கேஸுக்கு ‘ஐயநிலை’ போதுமே ஐயா, எதற்கு இன்னொரு சொல்?

போதாது என்பது என் கட்சி. முக்கோணத்தில் இரு பக்கமும் அவற்றுக்கு நடுவே இல்லாத ஒரு கோணமும் மட்டும் தெரியும்போது, அதே அளவுகளுக்கு இரண்டு முக்கோணம் பொருந்திவிடுவதுதான் ஆம்பிகுவஸ் கேஸ்; அதற்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறோம். பாகூர்ப் பக்கம் ஒரு கோணல் மனையை அளப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் நான்கு விதம், மூலைவிட்டம் போட்டு இரண்டு முக்கோணமாகப் பிரித்தாயிற்று. அதில் ஒன்றில் ஒரு பக்கம் 40 மீட்டர், மூலைவிட்டம் 25 மீட்டர், மூலைவிட்டத்துக்கு எதிரே உள்ள கோணம் 30 பாகை. மீதிப் பக்கத்தில் கருவேல முள் மண்டிக்கிடப்பதால் டேப் பிடிக்க வழியில்லை, அதைக் கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். சைன் விதியைப் போட்டால் 40 மீட்டர் பக்கத்துக்கு எதிர்க்கோணத்தின் சைன் 0.8 என்று வரும். கால்குலேட்டர் 53.13 பாகை என்று காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும், ஆனால் 126.87 பாகைக்கும் அதே சைன்தானே! முதல் கோணத்தை எடுத்தால் முள் பக்கம் 49.64 மீட்டர், இரண்டாவதை எடுத்தால் 19.64. பரப்பில் 300 சதுர மீட்டர் வித்தியாசம், நம் ஊர்க் கணக்கில் குழிக்கு 576 சதுர அடி என்று போட்டால் ஐந்தரைக் குழிக்கு மேல். பத்திரத்தில் ஏறினால் சண்டைதான்.

இதில் ஐயம் எங்கே இருக்கிறது? கொடுத்த அளவுகளுக்கு இரண்டு முக்கோணமும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. ஐயநிலை என்றால் பையன்கள் தாங்கள்தான் எங்கோ தப்பாகப் போட்டுவிட்டோம் என்று அழித்து அழித்துப் போடுவார்கள்.

இன்னொருவர் சொன்ன ‘இரட்டுறுநிலை’ எனக்கு ரொம்பப் பிடித்தது, காளமேகத்தின் சிலேடை வாசனை அடிக்கிறது. ஆனால் அதிலிருந்து அடுத்த சொல் பிறக்காது. ஈரமைவில் பிறக்கும். மூலைவிட்டம் 20 மீட்டருக்குக் குறைந்தால் முக்கோணமே மூடாது, அது அமைவின்மை. சரியாக 20 என்றால் ஒரே செங்கோண முக்கோணம், 40 அல்லது அதற்கு மேல் போனாலும் ஒன்றுதான், இரண்டும் ஓரமைவு. இடையில் உள்ளதெல்லாம் ஈரமைவு.

அப்புறம், இரு பக்கங்களுக்கு நடுவே உள்ள கோணத்தையே அளந்து கொசைன் விதியைப் போட்டால் இந்தத் தொல்லையே வராது, எப்போதும் ஓரமைவுதான். அந்தக் கோணத்துக்கு ‘இடைக்கோணம்’ என்று வைக்கலாமா, ‘உள்ளடங்கிய கோணம்’ என்றே விட்டுவிடலாமா? கடலூர் நண்பர்கள் சொல்லுங்கள்.