ஃபோர்டு மாடல் டி: கணக்கில் 98, சாலையில் 70. எங்கே இடிக்கிறது?

கேள்வி:
நூறாண்டுக்கு முந்தைய ஃபோர்டு மாடல் டி காரின் உச்ச வேகத்தைக் கணக்கிட்டுப் பார்க்கிறேன். இன்ஜின் 20 குதிரைத்திறன். பல்சக்கரங்களில் ஐந்தில் ஒரு பங்கு வீணாவதாக வைத்தால் சக்கரத்துக்கு 11.9 கிலோவாட் வருகிறது. ஆட்களோடு எடை 850 கிலோ, காற்றை எதிர்கொள்ளும் முகப்புப் பரப்பு 2.3 சதுர மீட்டர், உருள் தடைக் கெழு (சக்கரம் உருளும்போது எழும் தடையின் அளவு) 0.015, காற்றுத் தடைக் கெழு (காரின் வடிவம் காற்றில் எவ்வளவு இடிபடுகிறது என்பதன் அளவு) 0.3. விடை மணிக்கு 98 கி.மீ. ஆனால் அந்தக் கார் 65, 70-க்கு மேல் போகாது என்றே எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது.

பதில் 1:
தம்பி, காற்றுத் தடைக்கு நீங்கள் வைத்த 0.3 இன்றைய காரின் எண். செங்குத்துக் கண்ணாடி, துருத்திய விளக்குகள், தனித்தனி மட்கார்டுகள், திறந்த கூடு, இதற்கு 0.8 போடுங்கள். 73-க்கு இறங்கிவிடும். காற்றை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் முப்படியாக ஏறுவதுதான் காரணம்.

அந்தக் காலத்தில் காற்றைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 1899-இல் பெல்ஜியப் பந்தய ஓட்டுநர் ஜெனாட்சி மணிக்கு 100 கி.மீ.-ஐத் தாண்டிய மின்சாரக் காருக்கு டார்பிடோ குண்டு போலக் கூரான உடல். வேடிக்கை என்னவென்றால், ஓட்டியவர் அதன் மேலே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சக்கரங்களும் அடிச்சட்டமும் வெளியே கிடந்தன! 1921-இல் பெர்லினில் ரும்ப்ளர் என்ற பொறியாளர் காட்டிய துளி வடிவக் காரை 1979-இல் காற்றுச் சுரங்கத்தில் (காற்றை வீசிச் சோதிக்கும் கூடத்தில்) வைத்தபோது காற்றுத் தடைக் கெழு 0.28 வந்தது. வாங்கத்தான் ஆளில்லை.

பதில் 2:
சாலையை மறந்துவிட்டீர்கள். உருள் தடைக்கு வைத்த 0.015 நல்ல தார்ச் சாலைக்கு. அன்றைய அமெரிக்கக் கிராமங்களில் மண்ணும் சரளையும்தான். அந்த 0.8-ஓடு இதற்கு 0.03 வைத்தால் 67 வரும். சரளையில் 30 கி.மீ. வேகத்தில் உருள் தடை 250 நியூட்டன், காற்றுத் தடை வெறும் 77. சந்தைக்குப் போய்வரும் விவசாயிக்குப் பெட்டி வடிவத்தால் என்ன நஷ்டம்?

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. தார்ச் சாலையில் மட்டும் இன்னும் 73 வருகிறதே?

பதில் 3:
அந்த 20 குதிரைத்திறன் நிமிடத்துக்கு 1600 சுற்றில்தான் கிடைக்கும். பின் அச்சின் பல் விகிதம் 40:11 (உயர் கியரில் இன்ஜின் 40 சுற்று சுற்றினால் சக்கரம் 11 சுற்று), டயர் விட்டம் 30 அங்குலம். உயர் கியரில் 1600 சுற்று என்பது மணிக்கு ஏறத்தாழ 63 கி.மீ. அதற்கு மேல் இன்ஜின் சுற்று ஏற ஏறத் திறன் குறையும். நீங்களோ 73 வரைக்கும் முழுத் திறனைக் கொடுத்திருக்கிறீர்கள். திறனை ஒரே எண்ணாக வைக்காமல், சுற்றுக்குச் சுற்று மாறும் அட்டவணையாகக் கொடுத்துக் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்.