கார் சார்ஜ் ஏறல, சிவப்பு லைட்டு மட்டும் மின்னுது, யாராச்சும் சொல்லுங்க

திங்கஞ்சூன் தம்பி: வணக்கம் அண்ணன்மாரே, அவசரம். நேத்து ராத்திரில இருந்து வண்டி சார்ஜே ஏறல, கேபிள் நடுவுல இருக்கற பெட்டில சிவப்பு லைட்டு மின்னுது, வண்டி டிஸ்ப்ளேல ஒண்ணும் வரல. 19 சதவீதம்தான் இருக்கு, காலைல அம்மாவ கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். பேட்டரி போயிருச்சா?

மோல்மீன்காரன்: என்ன வண்டி, எந்த வருசம்? கூட வந்த கேபிளா வெளில வாங்கினதா? எத்தன ஆம்ப்ஸ்ல வச்சிருக்கீங்க?

கடைக்கார அண்ணாச்சி: வோல்டேஜ்தான், வேற ஒண்ணும் இல்ல. எங்க தெருவுல சாயங்காலம் எல்லாரும் ஏசி போட்டா 180க்குக் கீழ இறங்கிரும், சார்ஜர் தானா கட் பண்ணிரும். ராத்திரி 12க்கு மேல போட்டா நல்லா ஏறும். பெரிய ஸ்டெபிலைசரா வாங்குங்க.

பழைய மெக்கானிக்: இதே கேள்விக்கு எத்தன தடவ பதில் எழுதறது? 2022 கடைசில நம்ம பர்மாவுல மின்சார வண்டிக்கு சுங்க வரிய எடுத்ததும் ஆளாளுக்கு வண்டி வாங்கிட்டீங்க, வீட்டு வயரிங்க ஒருத்தரும் பாக்கல. லைட்டு எத்தன தடவ மின்னுதுன்னு எண்ணுங்க, பெட்டிக்குப் பின்னாடி அட்டவணை ஒட்டியிருக்கும். அதக்கூடப் பாக்காம பேட்டரி போச்சான்னு கேட்டா என்ன சொல்றது.

திங்கஞ்சூன் தம்பி: 2023 மாடல் சீனா வண்டி, 45 கிலோவாட் ஹவர் பேட்டரி, கூட வந்த கேபிள்தான். அட்டவணை சீன எழுத்துல இருக்கு. கரண்ட் இல்ல, அதனால ஜெனரேட்டர்லதான் போட்டேன்

மோல்மீன்காரன்: ஜெனரேட்டரா!! அத முதல்லயே சொல்ல வேணாமா தம்பி

சோலார் அக்கா: தம்பி பயப்படாதீங்க, பேட்டரிக்கு ஒண்ணும் ஆகல. சின்ன ஜெனரேட்டர்ல நியூட்ரல், அதான் கரண்ட் திரும்பி வர்ற வயரு, எர்த்தோட சேராம தனியா மிதந்துட்டு இருக்கும். ஃபேன், லைட்டுக்கு அது தெரியாது, ஆனா கார் சார்ஜர் ஆன் ஆகறதுக்கு முன்னாடி எர்த் இருக்கான்னு பாத்துட்டுதான் கரண்ட விடும், இல்லன்னா சிவப்பு. எங்க வீட்லயும் இதேதான். எலக்ட்ரீசியன வச்சு எர்த் ராடு அடிச்சு ஜெனரேட்டர் பக்கமே நியூட்ரல எர்த்தோட சேக்கச் சொல்லுங்க, நீங்களா செய்யாதீங்க, வீட்டு மெயின் லைனோட கலந்துட்டா ஆபத்து. அப்புறம் 16 ஆம்ப்ஸ்ல வைக்காதீங்க, அது மட்டுமே மூணரை கிலோவாட் இழுக்கும், 8ல வைங்க.

அப்புறம் 19 சதவீதம்னா 8 கிலோவாட் ஹவருக்கு மேல இருக்கு. ஏசி போட்டு டிராபிக்ல நின்னாக்கூட 40 கிலோமீட்டர் தாராளமா ஓடும். ஊருக்குள்ள ஆஸ்பத்திரின்னா போயிட்டு வந்திரலாம்.

மாண்டலே ரோடு: இதுக்குப் போய் ராடா? எர்த் இருக்கற மாதிரி காட்டற பிளக்கு மார்க்கெட்ல விக்குது, சொருகினா பச்சை வந்திரும். நான் 6 மாசமா ஓட்டறேன்.

சோலார் அக்கா: தயவுசெஞ்சு அதச் சொல்லிக் குடுக்காதீங்க. எர்த் இல்லாம சார்ஜ் போட்டா வண்டி பாடிலயே கரண்ட் இருக்கும், மழைல வெறுங்காலோட கதவத் தொட்டா சுர்ருனு இழுக்கும். எங்க பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு அப்படி ஆச்சு. நல்லவேளை தூக்கிதான் போட்டுச்சு, அதோட போச்சு.

கடைக்கார அண்ணாச்சி: எதுவா இருந்தாலும் 80க்கு மேல ஏத்தாதீங்க, பேட்டரி ஆயுசு குறையும்.

பழைய மெக்கானிக்: அண்ணாச்சி, அது நிக்கல் கலந்த லித்தியம் பேட்டரிக்கு. பிஒய்டி கம்பெனியோட பிளேடு பேட்டரி மாதிரி எல்எஃப்பின்னா, அதான் இரும்பு பாஸ்பேட் போட்ட லித்தியம் பேட்டரின்னா, அப்பப்ப 100 வரைக்கும் ஏத்தணும். அதுல 30 இருந்தாலும் 70 இருந்தாலும் வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒண்ணுதான், முழுசா ஏத்தலன்னா மீட்டர் தப்பாக் காட்ட ஆரம்பிச்சிரும்.

கடைக்கார அண்ணாச்சி: என் மச்சான் 2 வருசமா 80லதான் நிறுத்தறான், ஒரு குறையும் இல்ல.

பழைய மெக்கானிக்: உங்க மச்சான் வண்டில என்ன பேட்டரின்னு முதல்ல கேட்டுச் சொல்லுங்க.

மோல்மீன்காரன்: ரெண்டு பேரும் தனி இழை போட்டுப் பேசுங்க, இங்க தம்பி காத்துட்டு இருக்காரு

திங்கஞ்சூன் தம்பி: அக்கா பச்சை லைட்டு வந்திருச்சு!! எதுத்த வீட்டு எலக்ட்ரீசியன் அண்ணன் விடியக்காலைல வந்து ராடு அடிச்சுக் குடுத்தாரு. 8 ஆம்ப்ஸ்ல 3 மணி நேரம், இப்ப 30. அம்மா ரெடி, கிளம்பறோம். ரொம்ப நன்றி

மாண்டலே ரோடு: தம்பி ராடு எத்தன அடி இறக்கினீங்க? என்ன செலவு ஆச்சு?

மாண்டலே ரோடு: தம்பி?