2^61 − 1 பகா எண்தானே? என் புரோகிராம் 2-ஆல் வகுபடும் என்கிறது

கேள்வி:
வணக்கம். மெர்சென் எண், அதாவது 2^p − 1 வடிவ எண், பகா எண்தானா என்று பார்க்கும் லூக்காஸ்-லெமர் சோதனையைச் சி மொழியில் எழுதியிருக்கிறேன். 4-இல் தொடங்கி, வர்க்கம் எடுத்து 2 கழித்து, மெர்சென் எண்ணால் வகுத்து மீதி எடுப்பது, இதை p − 2 சுற்று செய்து கடைசி மீதி 0 வந்தால் பகா எண். p-க்கு 7, 13, 19, 31 கொடுத்தால் எல்லாம் சரியாக வருகின்றன. 61 கொடுத்தால் மட்டும் பகு எண் என்கிறது. எண்ணை அச்சிட்டால் 2305843009213693952. இரட்டைப்படை! அடுக்கு கணக்கிடும் பவ் (pow) ஃபங்ஷனில் 2, 61 கொடுத்து 1 கழித்தேன். இரண்டு நாளாக இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

பதில்:
கோளாறு பவ்-இல்தான். அது டபுளாக (double, தசம எண்களுக்கான வகை) திருப்பித் தரும், டபுளில் 53 பிட் வரைதான் துல்லியம். உங்கள் எண்ணோ பைனரியில் வரிசையாக 61 ஒன்றுகள். 2^61-க்குச் சற்றுக் கீழே, டபுளில் ஓர் எண்ணுக்கும் அடுத்ததற்கும் இடைவெளியே 256. நீங்கள் கழித்த 1 அதில் காணாமல் போய்விட்டது. குறியில்லாத 64 பிட் முழு எண்ணாக 1-ஐ எடுத்து, 61 இடம் இடப்பக்கம் நகர்த்தி, அப்புறம் 1 கழியுங்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா, இப்போது ...951 என்று முடிகிறது. ஆனால் கடைசி மீதி இன்னும் 0 ஆகவில்லை. சுற்று 59தான் ஓடுகிறது, எண்ணிப் பார்த்துவிட்டேன்.

இன்னொருவர்:
தம்பி, வர்க்கம் எடுக்கும் வரியைப் பாருங்கள். 61 பிட் எண்ணின் வர்க்கம் 122 பிட் வரை போகும். 64 பிட்டில் மேல் பகுதி வெட்டுப்பட்டுவிடும், கம்பைலர் வாயே திறக்காது. 31-க்கு வர்க்கம் 62 பிட்டில் அடங்கியதால் தப்பித்தீர்கள். உங்கள் கம்பைலர் ஜிசிசி (GCC) என்றால் 128 பிட் முழு எண் வகை இருக்கிறது. பெருக்கும் முன்பே அதற்கு மாற்றுங்கள், பெருக்கிய பிறகு மாற்றிப் பயனில்லை. மீதி 0 அல்லது 1 ஆக இருக்கும்போது 2 கழித்தாலும் சிக்கல், மெர்சென் எண்ணைக் கூட்டிவிட்டுக் கழியுங்கள்.

சந்தேகம் வந்தால் 7-ஐ (2^7 − 1 = 127) பேப்பரில் போட்டு ஒவ்வொரு சுற்றாக ஒப்பிடுங்கள்: 4, 14, 67, 42, 111, 0. கடைசிச் சுற்றில் 111-இன் வர்க்கம் 12321, 2 போக 12319, அது 127 × 97. மீதியில்லாமல் வகுபடுவதைக் கையால் ஒருமுறை பார்த்தால் இந்தச் சோதனை மேல் பிரியமே வந்துவிடும்.

கேட்டவர்:
0 வந்துவிட்டது!! 59-க்கு 0 வரவில்லை, அதுவும் சரிதானே? சோதனை இல்லாமல் நேரடியாக வகுத்துப் பார்த்தால் முடியுமா?

முதல் பதிலளித்தவர்:
59-க்கு வந்தது சரிதான், 2^59 − 1 பகு எண். நேரடியாக வகுப்பதென்றால் வர்க்கமூலம் வரை பார்க்க வேண்டும், 2^61 − 1-இன் வர்க்கமூலம் 150 கோடியைத் தாண்டும். ஆனால் எல்லாவற்றாலும் வகுக்க வேண்டாம். இதற்குக் காரணி இருந்தால், அதை 122-ஆல் (2 × 61) வகுக்க மீதி 1 வர வேண்டும், 8-ஆல் வகுக்க 1 அல்லது 7 வர வேண்டும். சலித்தால் சுமார் 62 லட்சம்தான் மிஞ்சும், கணினிக்கு இது ஒரு வேலையே இல்லை. எந்த p-க்கு 2^p − 1 பகா எண்ணாகும் என்று 1644-இல் மெர்சென் தந்த பட்டியலில் 61 விடுபட்டிருந்தது. 1883-இல் ரஷ்யப் பாதிரியார் பெர்வூஷின் 2^61 − 1 பகா எண் என்று நிறுவினார், கணினியே இல்லாத காலத்தில். எனக்கு இன்றும் பிரமிப்புதான்.

காரணிக்கான அந்த மீதி விதியை 59-இல் சோதித்துப் பாருங்கள். அங்கே 118-ஆல் (2 × 59) வகுக்க வேண்டும். 2^59 − 1-இன் காரணி 179951, அதாவது 118 × 1525 + 1.