இணையம் விட்டு விட்டு வரும் ஊரில் மாலை வகுப்புக்கு எந்தக் கட்டற்ற மென்பொருள் பொருந்தும்?

கேள்வி

வணக்கம். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேருக்கு மாலையில் கணிதமும் அறிவியலும் சொல்லிக்கொடுக்கிறேன். நன்கொடையாக வந்த ஆறு பழைய கணினிகள் இருக்கின்றன. மழை பெய்தால் இணையம் போய்விடும். சென்ற ஆண்டு வரை ஒரு நிறுவனத்தின் இலவசச் செயலியில் தேர்வுகளை நடத்தி வந்தோம். அவர்கள் திடீரெனக் கட்டணம் விதித்தபோது, இரண்டு ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து சேர்த்த வினாக்களைக்கூட எங்களால் வெளியே எடுக்க முடியவில்லை. ஆகவே, இம்முறை யாரும் தடையின்றிப் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருள் மட்டுமே என்று முடிவு செய்திருக்கிறேன். பாடங்களையும் தேர்வுகளையும் நடத்த உதவும் மூடுல், இணையவழி நேரலை வகுப்புக்கான பிக்புளூபட்டன் இரண்டையும் நிறுவலாமா?

முதல் பதில்

வணக்கம் அம்மா. பிக்புளூபட்டனை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் பிறந்த அது நேரலை வகுப்புக்கு மிக நல்ல மென்பொருள்தான். ஆனால் 16 ஜிபி நினைவகமும் 8 கோர் செயலியும் கொண்ட வழங்கியை (சர்வர்) அது கேட்கும். பிள்ளைகள் உங்கள் எதிரிலேயே அமர்ந்திருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.

உங்களுக்குப் பொருந்துவது கோலிப்ரி என்ற கற்றல் மென்பொருள். இணையமே இல்லாத இடங்களுக்கென்று லேர்னிங் ஈக்வாலிட்டி என்ற அமைப்பு அதை எம்ஐடி என்ற கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது. ஆறு கணினிகளில் சற்று நல்ல ஒன்றில் அதை நிறுவி, வேண்டிய பாடங்களை மட்டும் இணையம் இருக்கும் நாளில் இறக்கிவைத்தால், மற்ற ஐந்தும் அதே வைஃபையில் உலாவி வழியாகவே திறந்துகொள்ளும். பாடங்களைப் பென்டிரைவிலும் கொண்டுவரலாம். தமிழில் நீங்களே எழுதிய பிடிஎஃப், காணொளி, பயிற்சி வினாக்களைக் கோலிப்ரி ஸ்டுடியோ என்ற இணையதளத்தில் ஏற்றித் தனி அலைவரிசையாக (பாடத் தொகுப்பாக) ஆக்கிக்கொள்ளவும் வழி உண்டு.

இரண்டாம் பதில்

மூடுலையும் ஒதுக்கிவிட வேண்டாம் என்பது என் கருத்து. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூகியாமஸ் உருவாக்கி 2002இல் முதல் பதிப்பை வெளியிட்ட அந்த மென்பொருள், உங்கள் மனக்குறைக்கு நேரான மருந்து வைத்திருக்கிறது: வினா வங்கி. கிஃப்ட் என்ற வடிவில் வினாக்களைச் சாதாரண உரைக்கோப்பாகவே எழுதலாம். வினாவை எழுதி, நெளி அடைப்புக்குறிக்குள் சரியான விடைக்கு முன் சமக்குறியும் தவறான விடைகளுக்கு முன் அலைக்குறியும் இட்டால் போதும். அந்தக் கோப்பு உங்கள் கையிலேயே இருக்கும். நாளை எந்த மென்பொருளுக்கு மாறினாலும் உழைப்பு வீணாகாது. கோப்பை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமிக்க மறவாதீர்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. என் பழைய வினாத்தாள்கள் எல்லாம் வானவில் என்ற பழைய தமிழ் எழுத்துருவில் உள்ளன. அவற்றை அப்படியே ஒட்டினால் ஏற்குமா?

இரண்டாம் பதிலாளர்

ஏற்காது அம்மா, பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். முதலில் எழுத்துரு மாற்றி ஒன்றின் மூலம் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றுங்கள். மாற்றிய பின் ஒவ்வொரு தாளையும் கண்ணால் ஒருமுறை படித்துவிடுங்கள், குறிப்பாகக் கணிதக் குறிகள் உள்ள வரிகளை. அவைதான் பெரும்பாலும் சிதைகின்றன.

மூன்றாம் பதில்

மின்னோட்டவியல் பாடத்திற்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகங்களையும் (திரையில் நகர்த்திப் பார்க்கும் செயல்விளக்கங்கள்) சேர்த்துக்கொள்ளுங்கள். ஓம் விதிக்கான உருவகத்தை ஒரே கோப்பாக இறக்கிவைத்தால் இணையமின்றி உலாவியில் ஓடும். மின்தடையைக் கூட்டக் கூட்ட மின்னோட்டம் குறைவதைப் பிள்ளைகள் தாங்களே நகர்த்திப் பார்க்கட்டும். சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுவதை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.