தெரியாத பெரிய நகரத்தில் சாதாரணச் சாப்பாட்டுக்குக் கடை பார்ப்பது எப்படி?

வழிப்போக்கன்:
முன்பின் தெரியாத பெரிய நகரம், ஆறு நாள் தங்கல். நாலு பேர் போகிறோம். ஒருவர் எழுபதைத் தாண்டியவர், இன்னொருவருக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. முன்பதிவு, ஆடம்பரம் எதுவும் வேண்டாம். உட்கார்ந்தோம், சாப்பிட்டோம், முக்கால் மணி நேரத்தில் எழுந்தோம் என்று இருந்தால் போதும். மேப்பில் தேடினால் நூற்றுக்கணக்கில் வருகிறது, எல்லாமே 4 நட்சத்திரத்துக்கு மேல். எதை வைத்துக் கழிப்பது? வாசலில் நின்று பார்த்தே முடிவு செய்ய முடியுமா? கடைப் பெயர் வேண்டாம், பார்க்கும் முறையைச் சொல்லுங்கள்.

மேசை_எண்_7:
எங்கே தேடக் கூடாது என்பதிலிருந்து தொடங்குங்கள். ரயில் நிலைய வாசலிலும் சுற்றுலா இடத்தின் எதிர்வரிசையிலும் இருக்கும் கடைக்கு, சாப்பிட்டவர் மறுபடி வர வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. நாளைக்குப் புது ஆள் வருவார். வாடகையும் அங்கேதான் அதிகம், அது உங்கள் தட்டில் கழியும். அங்கிருந்து 400 மீட்டர், அதாவது ஐந்து நிமிட நடை, அலுவலகமோ கல்லூரியோ மருத்துவமனையோ இருக்கும் பக்கமாகத் தள்ளிப் போங்கள். அங்கே சாப்பிடுகிறவர்கள் வாரத்தில் நாலு நாள் அதே கடைக்கு வருகிறவர்கள். ருசி குறைந்தால் அடுத்த வாரமே பக்கத்துக் கடைக்கு மாறிவிடுவார்கள்.

மேப்பில் தேடும்போது அந்த ஊர் மொழிச் சொல்லை ஒட்டித் தேடுங்கள். ஆங்கிலத்தில் தேடினால் பயணிகளுக்கென்று பெயர் வைத்த கடைகளே முன்னால் வரும். நட்சத்திரத்தை எண்ணிக்கையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 40 பேர் போட்ட 4.8-ஐ விட 3,000 பேர் போட்ட 4.3 நம்பகமானது. நாற்பது என்பது நண்பர்களும் உறவினர்களும் சேர்ந்தாலே நிரம்பிவிடும் கணக்கு. பிறகு மதிப்புரைகளை ‘புதியவை முதலில்’ என்று மாற்றி, கடைசி இரண்டு மாதத்தை மட்டும் படியுங்கள். சமையல்காரர் மாறினால் கடையே மாறிவிடும், பழைய புகழ்ச்சி மட்டும் மேப்பில் அப்படியே நிற்கும். 5-உம் 1-உம் போட்டவர்கள் உணர்ச்சிவசப்பட்டவர்கள். 3 போட்டவர்தான் ‘ருசி நன்று, அரை மணி காத்திருந்தோம்’ என்று உபயோகமாக எழுதுவார். படங்களில் கடைக்காரர் போட்டதைத் தள்ளிவிட்டு, சாப்பிட்டவர்கள் எடுத்ததையும் விலைப்பலகைப் படத்தையும் பாருங்கள்.

அடுப்படி:
மேப் உங்களைத் தெருவரைக்கும் கொண்டுவந்து விடும். அதற்கு மேல் கண்ணும் மூக்கும்தான்.

எல்லாவற்றுக்கும் முதலில் பார்க்க வேண்டியது, சமைத்தது எவ்வளவு நேரம் கிடக்கிறது என்பது. உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில், சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதே, சூடாக வைப்பதானால் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல், குளிரில் வைப்பதானால் 5 டிகிரிக்குக் கீழ் என்று இருக்கிறது. நடுவில் உள்ள வெப்பத்தில்தான் கிருமி வேகமாகப் பெருகும். வெப்பமானியோடு போய் நிற்க முடியாது, ஆனால் அறிகுறி தெரியும். எடுத்து வைத்துப் பரிமாறும் கடையில் கரண்டியை உள்ளே விட்டுத் திருப்பும்போது ஆவி எழ வேண்டும். மேலே ஏடு படிந்து, ஓரம் காய்ந்து, நடுவில் எண்ணெய் பிரிந்து நின்றால் அது வெகு நேரமாக யாரும் தொடாதது. பெரிய தட்டு நிறைய ஒரே தடவை கொட்டி வைக்கும் கடையை விட, சின்னத் தட்டை அடிக்கடி மாற்றும் கடை மேல்.

‘மறுபடி சூடு பண்ணித் தருகிறோம்’ என்றால் சமாதானம் ஆகிவிடாதீர்கள். வெந்த சோற்றை வெளியே போட்டு வைத்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருகி, வாந்தி உண்டாக்கும் நச்சை விடும். கொதிக்க வைத்தாலும் அந்த நச்சு அழியாது. சாப்பிட்ட 1 முதல் 6 மணி நேரத்தில் வாந்தி தொடங்கும்.

கைகளையும் கவனியுங்கள். காசு வாங்கும் கையும் பரிமாறும் கையும் ஒன்றா? கையுறை போட்டிருப்பதை மட்டும் வைத்துச் சுத்தம் என்று சொல்ல முடியாது. அதே கையுறையோடு சில்லறை எண்ணிவிட்டு ரொட்டியைத் தொட்டால் வெறுங்கையை விட மோசம், ஏனென்றால் கையில் பிசுக்கு தெரியாததால் கழுவவே தோன்றாது. பச்சை இறைச்சி வெட்டிய பலகையிலேயே காய் நறுக்குவதைக் கண்டால் அப்படியே திரும்பிவிடுங்கள்.

பொரிக்கும் எண்ணெய் நல்லதாக இருந்தால் 170–180 டிகிரியில் புகையாது. வாணலியில் புகையும், அடங்காத நுரையும், கருநிறமும், தொண்டையைக் கமறும் வாடையும் சேர்ந்து வந்தால் பல முறை காய்ந்த எண்ணெய்.

வயதானவர் கூட வருவதால் நறுக்கி வைத்த பழம், பச்சைக்காய், ஐஸ் மூன்றையும் விடுங்கள். தோல் உரிக்கும் பழம் வாங்கி நீங்களே உரித்துக் கொள்ளலாம்.

கரண்டி_கணக்கு:
மேலே சொன்னதெல்லாம் சரி. வரிசையைப் பற்றி மட்டும் கொஞ்சம். நீளமான வரிசை என்றாலே நல்ல கடை என்று நிற்காதீர்கள். காசு வாங்குபவர் மந்தமாக இருந்தாலும் வரிசை நீளும். தட்டோடு எத்தனை பேர் நகர்கிறார்கள் என்று 2 நிமிடம் எண்ணுங்கள். 2 நிமிடத்துக்கு 3 பேர், முன்னால் 12 பேர் என்றால் 8 நிமிடம், தாராளமாக நிற்கலாம். 12 பேர் நின்று 2 நிமிடத்தில் ஒருவர்கூட நகரவில்லை என்றால் சமையலறை திணறுகிறது. அப்போது அவசரத்தில் வேகாததும் வரும்.

மதியக் கூட்டம் ஏறுவதற்கு 20–30 நிமிடம் முன்னால் போய்விட வேண்டும். அன்றைய சமையல் அப்போதுதான் இறங்கியிருக்கும், நாலு பேருக்கு ஒரே மேசையும் கிடைக்கும். கூட்டம் வடிந்து ஒரு மணி நேரம் கழித்துப் போனால் மீதிதான். மேப்பில் மணிவாரியாகக் கூட்டத்தைக் காட்டும் பட்டைப் படம் இதற்குக் கைகொடுக்கும்.

எட்டுப் பக்க மெனு இருந்தால் பாதிக்கு மேல் குளிர்பெட்டிச் சரக்கு என்பார்கள். பெரும்பாலும் உண்மை. ஆனால் நாலைந்து அடிப்படைக் குழம்பை வைத்துக்கொண்டு காயையும் இறைச்சியையும் மட்டும் மாற்றும் சமையலறை நேர்மையாகவே நீளமான மெனு வைக்கலாம். சுற்றி உள்ள மேசைகளைப் பாருங்கள். பாதிப் பேர் ஒரே பண்டம் சாப்பிட்டால் அதையே சொல்லுங்கள்.

எடைக்கு விலை போடும் பண்டமானால், அடுப்பில் ஏற்றும் முன்பே எத்தனை கிராம், மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். கேட்காமல் மேசைக்கு வரும் கொறிப்புக்கும் சில இடங்களில் பில் உண்டு. வெளிநாடானால், கார்டு இயந்திரம் ‘உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டலாமா’ என்று கேட்கும். உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் மாற்று விகிதத்தில் அவர்கள் ஏற்றிவைத்ததைக் கட்ட நேரும்.

துளசிமாடம்:
வேர்க்கடலை விஷயத்தை யாரும் தொடவில்லை, அதுதான் இதில் உயிர்ப் பிரச்சினை. ‘கடலை போட்டிருக்கிறதா’ என்று பரிமாறுபவரிடம் கேட்டால் ‘இல்லை’ என்று பழக்கத்தில் வந்துவிடும். சமையல்காரரிடமே போக வேண்டும், மூன்று கேள்வியாகக் கேட்க வேண்டும்: என்ன எண்ணெய், அரைத்த விழுதில் கடலை உண்டா, இதே சட்டியிலோ எண்ணெயிலோ கடலைப் பண்டம் செய்தீர்களா? பொரித்தால் ஒவ்வாமைப் புரதம் போய்விடாது. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில் அந்தப் புரதம் தங்கியிருக்கும். இதையெல்லாம் அந்த ஊர் மொழியில் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி, அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் சரிபார்த்து வாங்கி வையுங்கள். மொழிபெயர்ப்புச் செயலி ‘கடலை’யைச் சுண்டல் கடலையாக்கிவிட்டால் அட்டையே ஆபத்து. கடும் ஒவ்வாமை வந்தால் உடனே போடும் எபிநெஃப்ரின் ஊசியை மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் அது அறையில் இருக்கக் கூடாது, மேசைக்கே வர வேண்டும். பதில் தயங்கித் தயங்கி வந்தால் எழுந்துவிடுங்கள், இதில் மரியாதை பார்க்க வேண்டாம்.

பெரியவருக்காக இன்னும் ஒன்று: மாடிக் கடையா, கழிப்பறை எந்தத் தளத்தில், சாய்மானம் உள்ள நாற்காலியா, வெறும் முக்காலியா என்பதை மேப் படங்களிலேயே பார்த்துவிடலாம்.

வழிப்போக்கன்:
எல்லோருக்கும் மிக்க நன்றி, அட்டையை இன்றே எழுதுகிறேன். இன்னொன்று: முதல் நாள் அறைக்குப் போய்ச் சேரவே இரவு 10 ஆகிவிடும். மேப்பில் ‘11 வரை திறந்திருக்கும்’ என்று போட்டிருப்பதை நம்பலாமா?

அடுப்படி:
அது கதவு சாத்தும் நேரம். அடுப்பு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னாலேயே அணைந்துவிடும். போன் செய்து ‘கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு’ என்றே கேளுங்கள், ‘திறந்திருக்குமா’ என்று கேட்காதீர்கள். பெரிய மருத்துவமனை, பேருந்து நிலையம், மொத்தக் காய்கறிச் சந்தை, இவற்றின் ஓரம் இரவிலும் அடுப்பு எரிய வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தில் எடுத்து வைத்ததைக் கேட்காமல், கண்ணெதிரே சுட்டோ வதக்கியோ தருவதை வாங்குங்கள். கடலை ஒவ்வாமை உள்ளவருக்கு மட்டும் கல்லைக் கழுவித் துடைத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். அவர்களால் முடியாது என்றால், அன்று இரவுக்குப் பையில் கட்டிக்கொண்டு வந்ததே போதும்.